நீலகிரி மண்ணில் மண்–சிமெண்ட் கலவை: கசடுத் தூளும் நிலக்கரிச் சாம்பலும் சேர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழுத்திய மண் கல், திமிசு போட்டு இறுக்கிய நடைபாதை அடித்தளம், வீட்டுத் திண்ணை, ஒரு மாடிக்கு மேல் போகாத சுவர் ஆகியவற்றுக்கான கலவை பற்றிய கேள்விகள் இவை. சமவெளியில் எழுதிய கூட்டு விகிதத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் ஏன் சரிவராது என்பதுதான் பெரும்பாலான பதில்களில் இருக்கும். இங்கே மண் வேறு, குளிர் வேறு.

மண்–சிமெண்ட் என்றால் கான்கிரீட்தானே?

இல்லை. கான்கிரீட்டில் ஜல்லியும் மணலும் எலும்பு, சிமெண்ட் பசை அவற்றைச் சுற்றி ஓடும் அளவுக்கு நீர் இருக்கும். மண்–சிமெண்ட்டில் கலவை ஈரப் புட்டு மாவு போலத்தான் இருக்கும். அதற்கு வலு தருபவை இரண்டு: அடித்து இறுக்கிய அடர்த்தி, அந்த அடர்த்தியில் மண் துகள்களைப் பிடித்து வைக்கும் பிணைப்பான். அடர்த்தி குறைந்தால் எவ்வளவு சிமெண்ட் போட்டாலும் ஈடுகட்ட முடியாது. பணம் செலவழிக்க வேண்டிய இடம் முதலில் இறுக்குவதில்தான், அப்புறம்தான் மூட்டையில்.

தோட்டத்தில் வெட்டிய மண்ணையே போடலாமா?

எந்த ஆழத்தில் வெட்டியது என்பதைப் பொறுத்தது. மேலே இருக்கும் கறுத்த மண் வேண்டவே வேண்டாம். குளிரில் இலைதழை மக்குவது மெதுவாக நடப்பதால் ஊட்டி, குந்தா பக்கத்து மேல்மண்ணில் மக்கு நிறையச் சேர்ந்திருக்கும். சோலை ஓரங்களிலும் புல்வெளியிலும் அந்தக் கறுப்பு இன்னும் ஆழமாகப் போகும். மக்கிலுள்ள அமிலங்கள் சிமெண்ட்டிலிருந்து வரும் கால்சியத்தைத் தம்மோடு கட்டிப்போட்டுவிடும். விளைவு, மூன்று நாள் கழித்தும் விரல் நகத்தால் கீற முடிகிற கல்.

நிறம் கறுப்பிலிருந்து செம்மஞ்சளுக்கோ செங்கல் சிவப்புக்கோ மாறும் வரை மேல்மண்ணை ஒதுக்குங்கள். குறைந்தது ஓர் அடி, பல இடங்களில் அதைவிட அதிகம். ஒதுக்கியதைத் தனியே குவித்துத் தோட்டத்துக்கே திருப்பிப் போடுங்கள், அது வீணாக்கக் கூடாத மண்.

தேயிலைத் தோட்டமாக இருந்த நிலம் என்றால் இன்னொரு சிக்கல். தேயிலை விரும்புவது பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 5.5 வரையுள்ள புளித்த மண். பி.எச். 5.3-க்குக் கீழே இருக்கும் மண்ணில் சிமெண்ட் இயல்பாக இறுகாமல் போக வாய்ப்பு அதிகம் என்பது மண்–சிமெண்ட் வேலையில் பழைய எச்சரிக்கை. உரம் போட்ட மேல்மண்ணில் சிமெண்ட்டைக் கலந்ததும் மூக்கில் சுருக்கென்று அம்மோனியா நெடி வரும். வந்தால் அந்தக் குவியலை விட்டுவிட்டு இன்னும் ஆழமாக வெட்டுங்கள்.

மண் சிமெண்ட்டை ஏற்குமா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும், கால் மணிநேரம் போதும். காற்றில் உலர்த்திப் பொடித்துச் சலித்த மண் 100 கிராம், புதிய ஓ.பி.சி. (சாம்பலோ கசடோ கலக்காத சாதாரண சிமெண்ட்) 10 கிராம். இரண்டையும் கலந்து, பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீர் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் குழையுங்கள். 15 நிமிடம் விட்டு, 11-க்கு மேல் படிக்கும் பி.எச். தாளையோ அளவு சரிபார்த்த மீட்டரையோ வைத்துப் பாருங்கள். 12 அல்லது அதற்கு மேல் வந்தால் மக்கினால் தொல்லை வர வாய்ப்பு குறைவு. 11.5 அளவிலேயே நின்றால் அந்த மண் சிமெண்ட்டைத் தின்கிறது என்று பொருள்.

அப்போது செய்யக்கூடியது இரண்டு. இன்னும் ஆழத்து மண்ணை எடுத்து மறுபடி சோதிப்பது முதல் வழி. அது முடியாவிட்டால் நீர்த்த சுண்ணாம்பு 1 முதல் 2 சதவீதம் கலந்து, ஈரமாக்கி, தார்ப்பாய் போட்டு ஒரு நாள் மூடி வைத்துவிட்டு மறுநாள் சோதனையைத் திரும்பச் செய்வது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கடுமையான காயம் ஏற்படும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

பாட்டிலில் மண்ணைக் கரைத்துப் பார்த்தேன், முக்கால்வாசி மணல் என்று தெரிந்தது. நம்பலாமா?

சிவப்பு மலை மண்ணில் நம்பாதீர்கள். இந்த மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் களித்துகள்களை ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாக வைத்திருக்கும். பாட்டிலைக் குலுக்கியதும் அவை மணல் போலவே கீழே இறங்கிவிடும். கலவை எந்திரத்தில் அரைபட்டதும் அதே உருண்டைகள் உடைந்து களியாகும், நீங்கள் மணல் என்று கணக்குப் போட்டது கையில் பிசுபிசுக்கும்.

உள்ளங்கையில் சிறிது மண்ணை நனைத்துக் கட்டை விரலால் இரண்டு நிமிடம் விடாமல் தேயுங்கள். நறநறப்பு குறைந்துகொண்டே வந்து வழுவழுப்பானால் அது பொய் மணல். பாட்டில் சோதனையே செய்வதென்றால் மண்ணை முதல் நாளே நன்றாகக் குழைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்ட நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் ஐந்து நிமிடம் குலுக்கி நிறுத்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் படிவது மணல், ஒரு மணிநேரத்துக்குள் அதன்மேல் படிவது வண்டல், அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருப்பது களி.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போதும் ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும்: மண்ணை அடுப்பில் உலர்த்தாமல் காற்றில் உலர்த்திச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த வகை மண்ணை ஒருமுறை 105 டிகிரியில் காய்ச்சிவிட்டால் அதன் குழைவுத் தன்மையே மாறிவிடும், நீர் விட்டாலும் பழையபடி திரும்பாது. அறிக்கை மணற்பாங்கு என்று சொல்லும், தளத்தில் கல் வெடிக்கும்.

களி அதிகமாக இருந்தால்?

கிரஷர் டஸ்ட், அதாவது ஜல்லி உடைக்கும்போது விழும் கல்தூள் சேருங்கள். அழுத்திய கல்லுக்குக் கலந்து முடித்த மண்ணில் களி 10 முதல் 15 சதவீதமும், மணலும் பொடிக்கல்லும் சேர்ந்து 65 சதவீதத்துக்குக் குறையாமலும் இருப்பது நல்லது. மண்ணில் களி 30 சதவீதம் என்றால், களியே இல்லாத டஸ்ட்டைச் சரிபாதி சேர்த்தால் 15-க்கு வரும். டஸ்ட் சமவெளியிலிருந்து மலை ஏறி வர வேண்டும், வாடகை உறுத்தும். ஆனால் டஸ்ட்டை மிச்சம் பிடித்துவிட்டுச் சிமெண்ட்டைக் கூட்டுவது தவறான கணக்கு. களி சுருங்கும்போது வரும் வெடிப்பைச் சிமெண்ட் தடுக்காது, வெடிப்புக்கு இடையிலுள்ள துண்டுகளைத்தான் கடினமாக்கும்.

கசடுத் தூள், நிலக்கரிச் சாம்பல் இரண்டில் எது?

மலையில் கசடுத் தூள். ஜி.ஜி.பி.எஸ். என்று கடையில் சொல்வது இதைத்தான். இரும்பு உலையிலிருந்து வரும் உருகிய கசடை நீரில் சட்டென்று குளிர்வித்து மாவாக அரைத்தது. ஐ.எஸ். 16714 இதற்கான இந்தியத் தரக்குறிப்பு. அதற்குள்ளேயே கால்சியம் இருப்பதால், சிமெண்ட்டோ சுண்ணாம்போ கொஞ்சம் தூண்டிவிட்டால் தானாகவே இறுகும். நிலக்கரிச் சாம்பல், அதாவது அனல் மின் நிலையத்து ஃபிளை ஆஷ், அப்படியல்ல. மேட்டூர் போன்ற நிலையங்களில் எரிவது கருநிலக்கரி, அந்தச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும்தான் முக்கியம். சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்பு கிடைத்தால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். அந்த வினை 27 டிகிரியிலேயே மெதுவானது, 12 டிகிரியில் இன்னும் தூங்கும்.

நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் சாம்பலில் கால்சியம் கூடுதல், அதனால் கொஞ்சம் தானாகவும் இறுகும். சல்பேட்டும் கட்டற்ற சுண்ணாம்பும் எவ்வளவு என்று சோதனைச் சான்று இல்லாமல் அதை வாங்காதீர்கள். சுண்ணாம்புக் கட்டி பின்னால் நீர்த்து ஊதும், சல்பேட் களியோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து உப்ப வைக்கும். எந்த ஃபிளை ஆஷ் ஆனாலும் ஐ.எஸ். 3812 பகுதி 1-க்குப் பொருந்துகிறதா என்று கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியது எரியாத கரி, எரித்துப் பார்க்கும்போது இழக்கும் எடை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாம்பல் குட்டையிலிருந்து அள்ளிய ஈரச் சாம்பல் நிரப்பு மண் வேலைக்குப் போகலாம், அதைப் பிணைப்பான் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடையில் கிடைக்கும் பி.பி.சி. மூட்டையோடு ஃபிளை ஆஷ் சேர்க்கலாமா?

அடிக்கடி நடக்கும் தவறு இது. பி.பி.சி.யில் ஃபிளை ஆஷ் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் கலந்தே வருகிறது. அதில் பாதியை எடுத்துவிட்டு மறுபடி சாம்பல் போட்டால் உண்மையான சிமெண்ட் மூன்றில் ஒரு பங்காகக் கரைந்துவிடும். மூட்டையின் மேல் ஐ.எஸ். 1489 என்று இருந்தால் பி.பி.சி., 455 என்று இருந்தால் கசடு சிமெண்ட், 269 என்று இருந்தால் ஓ.பி.சி. நீங்களே தூள் கலப்பதாக இருந்தால் ஓ.பி.சி. மட்டும் வாங்குங்கள். ஓ.பி.சி. கிடைக்காத இடத்தில் கசடு சிமெண்ட்டையோ பி.பி.சி.யையோ வேறு எதுவும் சேர்க்காமல் தனியாகப் பயன்படுத்துவதே மேல்.

தேயிலை ஃபேக்டரி அடுப்புச் சாம்பல் இலவசமாகக் கிடைக்கிறதே?

அது விறகுச் சாம்பல். அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டும் பொட்டாசியம் உப்புகளும். நீரில் கரையும் அந்த உப்புகள் காய்ந்த சுவரில் வெள்ளையாகப் பூக்கும். ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு தரம், கரித்துண்டு வேறு. தோட்டத்தின் புளித்த மண்ணுக்கு அளவோடு போட்டால் அதற்கு நல்லது. கல்லுக்கு வேண்டாம்.

சரி, விகிதம் எவ்வளவு?

ஒரே விகிதம் சொல்வது நேர்மையில்லை. மண் மாறினால் அதுவும் மாறும். உலர்ந்த மண்–டஸ்ட் எடையில் பிணைப்பான் 8, 10, 12 சதவீதம் என்று மூன்று சோதனைக் கலவை செய்யுங்கள். மூன்றிலும் ஓ.பி.சி.யும் கசடுத் தூளும் சரிபாதி. ஃபிளை ஆஷ்தான் கையில் உள்ளதென்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓ.பி.சி., ஒரு பங்கு சாம்பல், அதற்கு மேல் போகாதீர்கள்.

10 சதவீதக் கலவைக்கு ஒரு கணக்கு. 230 × 190 × 100 மி.மீ. கல், உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1850 கிலோ, உகந்த ஈரம் (கலவை மிக அடர்த்தியாக இறுகும் ஈரம்) 13 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இவை இரண்டும் ஐ.எஸ். 2720 பகுதி 7-ன் இறுக்கச் சோதனையில் உங்கள் கலவைக்குக் கிடைக்க வேண்டிய எண்கள், இங்கே உள்ளவை எடுத்துக்காட்டுக்கு மட்டும். ஒரு கலப்புக்கு உலர் எடையில் மண் 100, டஸ்ட் 100, ஓ.பி.சி. 10, கசடுத் தூள் 10, மொத்தம் 220 கிலோ. ஒரு கல்லுக்கு உலர் எடை 8.1 கிலோ, ஆகவே 27 கல். அச்சில் போடும் ஈரக் கலவை கல்லுக்கு 9.1 கிலோ. ஒரு கன மீட்டருக்குச் சிமெண்ட் சுமார் 84 கிலோ, கசடுத் தூளும் அதே அளவு.

ஒவ்வொரு கல்லுக்கும் கலவையைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பாண்டு (இரும்புச் சட்டி) கணக்கில் போட்டால் ஒரு கல் இறுகும், அடுத்தது பொதுபொதுவென்று வரும். கைப்பிடி அச்சு எப்போதும் ஒரே அளவுதான் கீழே இறங்கும், அதனால் எடை குறைந்தால் அடர்த்தி குறைந்துவிட்டது என்றே அர்த்தம்.

நீர் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

மலையில் இந்தக் கேள்விக்குப் பதில் பலரை வியக்க வைக்கும். மேலே சொன்ன கலப்புக்கு மொத்த நீர் 220-ல் 13 சதவீதம், 28.6 லிட்டர். குவியலில் இருக்கும் மண்ணிலேயே 20 சதவீத ஈரம் இருந்தால், 100 கிலோ உலர் மண்ணுக்கு நீங்கள் அள்ள வேண்டியது 120 கிலோ ஈர மண், அதற்குள் 20 லிட்டர் ஏற்கெனவே வந்துவிட்டது. டஸ்ட்டில் 4 சதவீதம் என்றால் இன்னொரு 4 லிட்டர். ஊற்ற வேண்டியது வெறும் 4.6 லிட்டர்.

இதைப் பார்க்காமல் 100 கிலோ ஈர மண்ணை அள்ளி முழு 28.6 லிட்டரையும் ஊற்றினால் ஈரம் 25 சதவீதத்தை எட்டும். அது சேறு, அச்சிலிருந்து வெளியே வரும்போதே வயிறு பிதுங்கும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மண் அதைவிட ஈரமாக இருக்கும், நீரே ஊற்றாமலும் கலவை அதிகப்படியாக நனைந்திருக்கும். மழைக்கு முன்பே மண்ணைக் கூரைக்குள் கொண்டுவந்து பரப்பி வைப்பதுதான் ஒரே வழி.

தளத்தில் சரிபார்க்க: ஒரு பிடி கலவையை உருட்டி, மார்பளவு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். பொடியாய்ச் சிதறினால் காய்ந்தது, அப்பளமாய் நசுங்கினால் ஈரம் கூடியது.

எந்த வரிசையில் கலப்பது?

மண்ணை 5 மி.மீ. சல்லடையில் சலித்து, டஸ்ட்டோடு புரட்டுங்கள். சிமெண்ட்டையும் தூளையும் தனியே ஒரு வாளியில் உலர்வாகவே நிறம் ஒன்றாகும் வரை கலந்து, பிறகு மண்ணின்மேல் தூவிப் புரட்டுங்கள். சிவப்பு மண்ணில் சாம்பல் நிறக் கீற்று ஒன்றுகூடத் தெரியக் கூடாது. கடைசியில்தான் நீர், பூவாளியில். கான்கிரீட் சுற்றும் டிரம் மிக்ஸர் இதற்கு உதவாது, களி உருண்டை உருண்டையாகத் திரளும். மண்வெட்டியால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று புரட்டுவது அதைவிட நன்றாக வரும்.

நீர் பட்டதிலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் கல்லாக்கி முடியுங்கள், இறுக்கும் தளமென்றால் அதிகபட்சம் இரண்டு மணிநேரம். கசடு இருப்பதால் தாமதமாகத்தான் இறுகும் என்று நினைத்து மதிய உணவுக்குப் போய்விட்டு வந்து மீண்டும் நீர் தெளித்துக் கிளறினால், உருவான பிணைப்புகளை நீங்களே உடைக்கிறீர்கள். 27 கல்லுக்கு மட்டும் கலக்கச் சொன்னது இதனால்தான்.

ஊட்டிக் குளிரில் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

ஆய்வகத்தில் 28 நாள் என்பது 27 டிகிரியில். முதிர்ச்சிக் கணக்கில் வெப்பநிலையோடு 10-ஐக் கூட்டி நாளால் பெருக்குவார்கள்: 37 × 28 = 1036. சராசரி 12 டிகிரி உள்ள இடத்தில் அதே 1036-ஐ எட்ட 1036 ÷ 22, அதாவது 47 நாள். இது சிமெண்ட்டுக்கான தோராயம். கசடு கலந்தால் இன்னும் கொஞ்சம், ஃபிளை ஆஷ் கலந்தால் நிறையவே கூடும். ஊட்டி, மஞ்சூர் பக்கத்தில் 60 நாளுக்கு முன் சுமை ஏற்றாமல் இருப்பது நல்லது. கூடலூர் போன்ற தாழ்ந்த, வெதுவெதுப்பான பகுதிகளில் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா போன்ற பள்ளங்களில் உறைபனி விழும். புதுக் கல்லுக்குள் நீர் உறைந்தால் விரிந்து மேல்தோலை உரித்துவிடும். இரவு 5 டிகிரிக்குக் கீழே போகும் வாரங்களில் புது வேலை தொடங்காதீர்கள். தொடங்கிவிட்டால் காலை 11 மணிக்குள் முடித்து, பிளாஸ்டிக் தாள், அதன்மேல் சாக்கு அல்லது காய்ந்த புல் ஒரு சாண் கனத்துக்குப் போட்டு மூடுங்கள்.

மூடுபனி இருக்கிறது, தனியே நீர் தெளிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். மூடுபனிக்குப் பிறகு அடிக்கும் மலை வெயிலும் காற்றும் ஓரங்களை மணிக்கணக்கில் உலர்த்திவிடும். முதல் நாள் மூடி மட்டும் வையுங்கள், இரண்டாம் நாளிலிருந்து பூவாளித் தெளிப்பு, 28 நாளும் தாளுக்குள்ளேயே.

வலுவை எப்படிச் சோதிப்பது?

நனைத்துத்தான். காய்ந்த மண் கல் எல்லாமே கெட்டியாகத் தெரியும், 24 மணிநேரம் நீரில் ஊறியதன் வலுவே உண்மையான வலு. காய்ந்த வலுவில் பாதிக்கும் கீழே இறங்கினால் பிணைப்பானோ அடர்த்தியோ போதவில்லை. 7, 28, 56 நாளுக்குத் தலா மூன்று மாதிரி வையுங்கள். கசடுக் கலவையை 7 நாள் எண்ணை வைத்து நிராகரிக்காதீர்கள், அது பின்னால் ஏறும். மாதிரிகளில் ஒரு பாதியை ஆய்வகத்தில் விடாமல் உங்கள் தளத்துக் குளிரிலேயே வையுங்கள்.

மழை நேரே அடிக்கும் சுவர் என்றால் நனைத்து–உலர்த்தும் சோதனையும் வேண்டும்: 5 மணிநேரம் நீரில், 42 மணிநேரம் 71 டிகிரியில், பிறகு கம்பித் தூரிகையால் தேய்ப்பு, இப்படி 12 சுற்று. களிப்பாங்கான மண்ணுக்கு எடை இழப்பு 7 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். கோவையில் பொறியியல் கல்லூரி மண் ஆய்வகங்களைக் கேட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும்.

உடைந்த கல்லுக்குள் பச்சை கலந்த நீலம் தெரிகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. கசடு நன்றாக வினைபுரிந்திருப்பதன் அடையாளம் அது. உள்ளே காற்றுப் படாத வரை அந்த நிறம் இருக்கும், உடைத்து வெயிலில் வைத்தால் சில நாளில் மங்கிவிடும். சிவப்பு மண்ணில் அடர்த்தியான திட்டாகத் தெரிந்தால் மட்டும், தூள் சரியாகக் கலக்காமல் ஓரிடத்தில் திரண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மேற்பரப்பு மாவாக உதிர்கிறது. ஏன்?

பெரும்பாலும் முதல் வாரத்திலேயே உலர்ந்ததால். உள்ளே குத்தினால் கெட்டியாக இருந்து, மேலே 3, 4 மி.மீ. மட்டும் உதிர்ந்தால் இதுதான். கல் முழுவதுமே உதிர்ந்தால் மக்கு அல்லது புளித்த மண், முதலில் சொன்ன பி.எச். சோதனைக்குத் திரும்புங்கள். இறுக்கிய தளத்தில் ஏடு ஏடாகப் பிரிந்தால், ஒரு அடுக்கு காய்ந்தபின் அடுத்ததைப் போட்டிருக்கிறார்கள். தளர்வாக 15 செ.மீ. போட்டு 10-க்கு இறுக்கி, மேற்பரப்பைக் கம்பியால் கீறி, ஈரம் மாறுவதற்குள் அடுத்த அடுக்கைப் போட வேண்டும்.

மண் சரிவுக்குத் தடுப்புச் சுவர் கட்டலாமா?

கூடாது. இந்தப் பதிலில் விட்டுக்கொடுக்க இடமில்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் உயிரிழந்தார்கள். சரிவைத் தள்ளுவது மண் மட்டுமல்ல, மண்ணுக்குள் தேங்கும் நீரின் அழுத்தமும். மண்–சிமெண்ட் சுவருக்கு இழுவிசை தாங்கும் திறன் மிகக் குறைவு, நீரையும் எளிதில் வெளியே விடாது. தடுப்புச் சுவரைப் பொறியாளர் வடிவமைக்க வேண்டும், அதன் பின்னால் கல் நிரப்பும் வடிகுழாயும் இருக்க வேண்டும். தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படித்திட்டு, அதன் மேலே வீடோ பாதையோ இல்லை என்றால் செய்யலாம். கல்லுக்கு மண் வேண்டும் என்று சரிவின் அடியைத் தோண்டவும் வேண்டாம். மண் வெட்டவும் எந்திரம் வைக்கவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியை முதலில் கேளுங்கள்.

சிமெண்ட்டே இல்லாமல் செய்ய முடியாதா?

கசடுத் தூள் நான்கு பங்கு, நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு என்று செய்தால் இறுகும். சூடான ஊரில் நன்றாகவே வரும். ஒரு டன் சிமெண்ட்டுக்கு ஏறக்குறைய 0.8 முதல் 0.9 டன் கரியமில வாயு வெளியாகிறது என்பதால் இந்த ஆசை நியாயமானது. ஆனால் குளிரில் முதல் இரண்டு வாரம் கல்லைத் தூக்கவே முடியாது, மூலை உடையும். பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே மாதத்துக்குள் முடிப்பதாக இருந்தால் முயன்று பார்க்கலாம். காஸ்டிக் சோடா கரைசலால் தூண்டும் முறைகளை வீட்டு வேலையில் செய்யாதீர்கள், தோலையும் கண்ணையும் எரித்துவிடும்.

மூட்டைகளை எப்படி வைப்பது?

மூடுபனி சாக்குக்குள் போகும். தரையிலிருந்து ஒரு சாண் உயரப் பலகை, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, முழுவதும் பிளாஸ்டிக் தாளால் போர்த்தி வையுங்கள். விரலால் நசுக்கி உடையாத கட்டி இருக்கும் சிமெண்ட்டைக் கல்லுக்குப் போடாதீர்கள். கசடுத் தூள் தனியாக இருக்கும்போது சிமெண்ட் அளவுக்குச் சீக்கிரம் கட்டிப்படாது, ஆனால் இரண்டையும் முன்கூட்டியே கலந்து மூட்டை கட்டி வைத்தால் அதுவும் சேர்ந்து கெடும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள்.